கூட்டுத்தொகையும் வரிசையும்: மின்சுமை கொண்ட சர்க்கரைகளை வாசிக்கக் கற்ற வரலாறு

2007-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்றுவந்த சிறார் சிலருக்கு, சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களிலேயே முகம் வீங்கியது, நாடித்துடிப்பு விரைந்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. 2008 ஜனவரியில் செய்தி நோய்க்கட்டுப்பாட்டு மையத்தை எட்டியது. விசாரணை ஒவ்வொரு பொருளாக விலக்கிக்கொண்டே வந்து ஹெப்பாரின் என்னும் மருந்தில் நின்றது. இரத்தம் உறையாமல் காக்கும் இந்த மருந்து, உலகின் எல்லா அறுவை அரங்குகளிலும் அன்றாடம் புழங்குவது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகத்துக்கு வந்த அறிக்கைகளில் 81 இறப்புகள் இம்மருந்தோடு சேர்த்துப் பேசப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் மருந்தே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் மருந்தில் ஏதோ கலந்திருந்தது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

இதில் வரலாற்று மாணவரை நிறுத்திவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த மருந்துத் தொகுதிகள் அன்றைய விதிமுறைச் சோதனைகளில் தேறியவை. சோதித்தவர்கள் ஏமாற்றவில்லை, கருவியும் பழுதுபடவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையே கிடைத்தது. கேட்கவேண்டிய கேள்வி வேறாக இருந்தது. அந்த வேறு கேள்வியைக் கேட்கும் ஆற்றல் அறிவியலுக்கு எவ்வாறு வந்தது, அதில் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் என்ன தொடர்பு என்பதே இப்பதிவின் பொருள்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹோவெல் என்னும் உடலியங்கியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது அதற்கு நேர்மாறானது: உறைவதைத் தடுக்கும் சாறு. ஈரலிலிருந்து கிடைத்ததால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1918-இல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டனர். அதில் கந்தகம் சல்பேட் வடிவில் நிறைந்திருப்பதை 1930-களில் சுவீடனின் எரிக் யோர்ப்பஸ் காட்டினார். பிற்காலத்தில் மாட்டு நுரையீரலும் பன்றிக் குடலும் அதன் மூலப்பொருள்களாயின.

பெயரும் பயனும் கிடைத்த பின்பும் அதன் உருவம் பிடிபடவில்லை. எனவே ஹெப்பாரினை அளக்க ஒரு வழி வகுக்கப்பட்டது: குறிப்பிட்ட அளவு இரத்த நீர்மத்தை அது எவ்வளவு நேரம் உறையாமல் வைத்திருக்கிறது என்று பார்ப்பது. இன்றும் மருத்துவர்கள் ஹெப்பாரினை மில்லிகிராமில் சொல்வதில்லை. '5,000 யூனிட்' என்றே சொல்கிறார்கள். யூனிட் என்பது பொருளின் அளவன்று, அது செய்யும் செயலின் அளவு. ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டுத் தெரியாமல், கேட்டவர் தலையசைத்தாரா என்பதை மட்டும் கொண்டு அச்சொல்லை அடையாளம் காண்பதற்கு இது ஒப்பாகும். தொண்ணூறு ஆண்டுகள் அந்த அடையாளமே போதுமானதாக இருந்தது.

எழுத்துக்கூட்டு ஏன் இவ்வளவு காலம் தெரியாமற்போனது? ஹெப்பாரின், கிளைக்கோசமினோகிளைக்கான் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய நூல்கள் இவற்றை மியூக்கோபாலிசாக்கரைடு என்று வழங்கின. இரண்டு சர்க்கரைகள் சேர்ந்த ஓர் அலகு மீண்டும் மீண்டும் தொடுக்கப்பட்ட நீண்ட இழை இது. அலகின் ஒரு பாதி யூரோனிக் அமிலம், மறுபாதி குளுக்கோசமின். யூரோனிக் அமிலம் குளுக்குரோனிக், இடூரோனிக் என்ற இரு வடிவங்களில் ஒன்றாக இருக்கலாம். அலகின் நான்கு இடங்களில் வேறுபாடு வரலாம்: மூன்றில் சல்பேட் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம், நான்காவதில் சல்பேட் அல்லது அசெட்டைல் அமரலாம். இரு வடிவம், நான்கு இடம். ஆக 32 வகை அலகுகள்.

இந்த எண்ணின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு 256 வகைகளில் அமையலாம். நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட புரதத் துண்டு 1,60,000 வகைகளில் அமையலாம். நான்கு அலகுகள் கொண்ட இந்தச் சர்க்கரைத் துண்டுக்கோ 10,48,576 வகைகள் கருத்தளவில் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல், இவற்றுக்கு மூலப்படி இல்லை என்பது. புரதத்தின் வரிசை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரை இழையை அவ்வாறு எந்த ஏடும் ஆணையிடுவதில்லை. செல்லுக்குள் கோல்கை உறுப்பில் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்று சில இடங்களில் அசெட்டைலை நீக்குகிறது, ஒன்று வடிவத்தைத் திருப்புகிறது, மற்றவை சல்பேட்டை ஏற்றுகின்றன. எந்த நொதியும் எல்லா இடங்களிலும் தன் பணியை முடிப்பதில்லை. ஆகவே ஒரே திசுவிலிருந்து எடுத்த இரண்டு இழைகள் ஒத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சுவடிப் பதிப்பாசிரியர் பல ஓலைகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நெருங்குகிறார். இங்கே மூலபாடமே கிடையாது. பாடவேறுபாடுகள் மட்டுமே உண்டு.

திருவனந்தபுரத்துக்கு வருவோம். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகளைக் காக்கும் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே வளாகத்தில் உயிர்வேதியியல் துறையும் இருக்கிறது. 1970-களில் அத்துறையில் பி. ஏ. குறுப்பும் அவர் மாணவர்களும் இந்தச் சர்க்கரைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். கொழுப்பு மிகுந்த உணவு தந்த எலிகளின் பெருந்தமனியில் கிளைக்கோசமினோகிளைக்கான்கள் எவ்வாறு மாறுகின்றன என்பது அவர்களுடைய முதன்மையான கேள்விகளுள் ஒன்று. தமனித் தடிப்பு நோயின் வேர்களைத் தேடிய அக்கட்டுரைகள் பன்னாட்டு இதழ்களில் வெளிவந்தன. வைட்டமின் ஏ-க்கும் இச்சர்க்கரைகளின் வளர்சிதை மாற்றத்துக்கும் உள்ள உறவைக் குறுப்புடன் சேர்ந்து ஆராய்ந்த பி. ஆர். சுதாகரன், பின்னர் இத்துறையில் தனித்து அறியப்பட்டார்.

அக்காலத்தில் உலகெங்கும் வழக்கிலிருந்த முறை இது: திசுவைப் புரதம் சிதைக்கும் நொதியால் கரைப்பார்கள், நேர்மின்சுமை கொண்ட சோப்புப் போன்ற சேர்மத்தைச் சேர்த்து, எதிர்மின்சுமை கொண்ட சர்க்கரைகளை வீழ்படிவாக்குவார்கள், வெவ்வேறு செறிவுள்ள உப்புக் கரைசல்களால் வகைவகையாகப் பிரிப்பார்கள், பிறகு கந்தக அமிலத்தோடும் கார்பசோலோடும் சூடாக்கி, எழும் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு யூரோனிக் அமிலம் எவ்வளவு என்று கணிப்பார்கள். கிடைப்பது கூட்டுத்தொகை: இந்தத் திசுவில் இவ்வகைச் சர்க்கரை இவ்வளவு. எந்த அலகுக்குப் பின் எந்த அலகு என்பதை அந்த நிறம் சொல்லாது.

மொழி ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்ல அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இதே பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைக் கட்டியெழுப்பிய வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். அடைவு ஒரு சொல்லை மட்டும் தருவதில்லை. அது வரும் பாட்டையும் அடியையும் சேர்த்துத் தருகிறது. இடக்குறிப்புகளை நீக்கிவிட்டு, இச்சொல் இத்தனை முறை என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்தால் அது பயனற்றதாகிவிடாது; ஆனால் அதைக் கொண்டு ஒரு பாட்டையும் மீட்க இயலாது. கார்பசோல் முறை தந்தது அத்தகைய எண்ணிக்கை.

வரிசையை அறிய நிறையை அளப்பதே வழி என்பது புரதங்களில் தெளிவாகியிருந்தது. நிறை நிறமாலைமானி, மூலக்கூறுகளை மின்சுமை ஏற்றி வெற்றிடத்தில் பறக்கவிட்டு எடை காணும் கருவி. பெரிய உயிர்மூலக்கூறுகளைச் சிதையாமல் பறக்கவிடும் மென்முறைகளுக்காக ஜான் ஃபென்னும் கொய்ச்சி தனாக்காவும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புரதங்களுக்கு எளிதில் பொருந்திய இம்முறைகள் ஹெப்பாரினிடம் இடறின. காரணம் அதன் மின்சுமையே. ஒவ்வொரு சல்பேட்டும் எதிர்மின்சுமை உடையது. கரைசலில் உள்ள சோடியத்தைப் பற்றிக்கொள்ளும். எத்தனை சோடியம் பற்றியது என்பதைப் பொறுத்து ஒரே மூலக்கூறு பல எடைகளைக் காட்டும். ஆற்றல் சற்று மிகுந்தாலோ, சல்பேட் கழன்று விழும்; ஒவ்வொன்று விழும்போதும் எடையில் 80 குறையும். இருந்த மூலக்கூறு எது, சிதைந்து பிறந்தது எது என்று பிரித்தறிய இயலாது.

1994-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பீட்டர் யூஹாசும் கிளாஸ் பீமனும் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். ஆர்ஜினின் நிறைந்த, நேர்மின்சுமை மிகுந்த சிறு பெப்டைடு ஒன்றைச் சர்க்கரையோடு சேர்த்தனர். இரண்டும் உப்பும் புளியும் போல ஒன்றையொன்று பற்றிச் சமன் செய்தன. சேர்ந்த இணை சிதையாமல் பறந்தது. அதன் எடையிலிருந்து பெப்டைடின் எடையைக் கழித்தால் சர்க்கரையின் எடை.

இந்த உத்தியின் வேர் அறுவை அரங்கில் இருப்பது கவனிக்கத்தக்கது. இதய அறுவையின்போது குருதி இதய-நுரையீரல் எந்திரத்தின் வழியே ஓடவேண்டும். அதற்கு ஹெப்பாரின் தேவை. அறுவை முடிந்ததும் அதன் செயலை நிறுத்தப் புரோட்டமின் தருவார்கள். அது மீனின் விந்தணுவிலிருந்து கிடைத்த, ஆர்ஜினின் நிறைந்த புரதம். ஹெப்பாரினைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். இதை எர்வின் சார்காஃபும் கென்னத் ஆல்சனும் 1937-இலேயே விவரித்தனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இந்திய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய ஒவ்வோர் அறுவையும் ஹெப்பாரினில் தொடங்கிப் புரோட்டமினில் முடிவது. அரங்கில் உயிர்காக்கும் அதே பிணைப்பு, ஆய்வகத்தில் எடைகாணும் கருவியாயிற்று.

எடை தெரிந்தால் வரிசை தெரிந்துவிடாது. கதவு, தகவு என்ற இரு சொற்களிலும் அதே மூன்று எழுத்துகள். எழுத்துக்கு ஓர் எடை வைத்து நிறுத்தால் இரண்டும் ஒரே எடை காட்டும், பொருளோ வேறு. குளுக்குரோனிக் அமிலமும் இடூரோனிக் அமிலமும் எடையில் சற்றும் வேறுபடா. ஒரு சல்பேட் மூன்றாம் இடத்தில் இருந்தாலும் ஆறாம் இடத்தில் இருந்தாலும் எடை ஒன்றே. ஆனால் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல. இரத்த உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்னும் புரதம், ஐந்து சர்க்கரைகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட தொடரைத் தேடிப் பற்றுகிறது. அத்தொடரின் நடுவில், மூன்றாம் இடத்தில், அரிதாகவே அமையும் ஒரு சல்பேட் இருந்தாகவேண்டும். அது இல்லாவிட்டால் பிணைப்பு பெரிதும் தளர்ந்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் சுவீடனிலும் பிரான்சிலும் கண்டறியப்பட்ட இந்தத் தொடரே, பின்னர் ஃபொண்டாபாரினுக்ஸ் என்ற செயற்கை மருந்தாயிற்று.

ஆகவே நிறுப்பதற்கு முன் பிரிக்கவேண்டும். பிரிப்பதற்கு முன் அறிந்த இடங்களில் வெட்டவேண்டும். வெட்டும் கத்திகள் ஒரு மண்ணுயிரியிலிருந்து வந்தன: ஃபிளாவோபாக்டீரியம் ஹெப்பாரினம் என்று அன்று அழைக்கப்பட்ட நுண்ணுயிரி ஹெப்பாரினையே உணவாகக் கொண்டு வாழ்வது. அதன் நொதிகள் இழையைக் குறிப்பிட்ட பிணைப்புகளில் மட்டும் வெட்டும். வெட்டிய முனையில் ஓர் இரட்டைப் பிணைப்பை விட்டுச்செல்லும். அம்முனை 232 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் துண்டுகளைக் கண்டு எண்ணலாம். அத்துண்டுகளை அயனிப் பரிமாற்றத் தம்பத்திலோ, மின்புலம் செலுத்திய நுண்குழாயிலோ மின்சுமைக்கு ஏற்பப் பிரிக்கலாம்.

வெட்டுதல், பிரித்தல், நிறுத்தல் மூன்றையும் ஒரே தருக்கத்தில் இணைத்த கட்டுரை 1999-இல் சயன்ஸ் இதழில் வந்தது. எழுதியவர்கள் கணேஷ் வெங்கட்ராமன், சக்கரி ஷ்ரைவர், ராகுல் ராமன், ராம் சசிசேகரன். 32 அலகுகளுக்கு அவர்கள் வகுத்த குறியீடு மொழியியலாருக்கு உடனே விளங்கும். நான்கு இடங்களுக்கும் 'உண்டு', 'இல்லை' என்ற இருநிலை விடை. அந்த நான்கு விடைகளும் சேர்ந்து 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை உள்ள பதினாறில் ஒரு குறி. யூரோனிக் அமிலத்தின் வடிவத்தைக் கூட்டல், கழித்தல் குறிகள் காட்டும். ஒலியன்களை இருநிலைக் கூறுகளின் தொகுப்பாக ரோமன் யாக்கப்சன் பகுத்ததும், எழுத்துகளைப் பிறப்பிடமும் முயற்சியும் கொண்டு தொல்காப்பியம் வகுத்ததும் இதற்கு இனமான சிந்தனைகள். குறி வெறும் பெயராக இல்லாமல், பொருளின் இயல்பைத் தன்னுள் சுமக்கிறது. அதனால் கணிப்பொறி அதைக் கொண்டு கணக்கிட முடிகிறது.

முறை இதுதான். துண்டின் எடைக்கும் அலகுகளின் விகிதத்துக்கும் பொருந்தும் எல்லா வரிசைகளையும் முதலில் பட்டியலிட வேண்டும். ஒரு நொதியால் வெட்டி எடைகளைக் காண வேண்டும். பொருந்தாத வரிசைகளை அடிக்க வேண்டும். அடுத்த நொதி, அடுத்த நீக்கம். இறுதியில் எஞ்சும் ஒன்றே விடை.

நீக்கி நீக்கி எஞ்சியதைக் கொள்ளும் இந்தச் சிந்தனைக்குச் சென்னையில் ஒரு முன்வரலாறு உண்டு. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலாது என்று அணுக்களின் மோதலைக் கொண்டு விலக்கி, எஞ்சிய இடங்களை வரைபடமாக்கினர். அதே வழியைச் சர்க்கரை இழைகளுக்கும் வி. எஸ். ஆர். ராவ், பி. ஆர். சுந்தரராஜன் முதலியோர் அங்கு நீட்டித்தனர். 1999 கட்டுரையின் ராம் சசிசேகரன், அந்த வி. சசிசேகரனின் மகன். தந்தையின் தலைமுறை இழையின் வடிவத்தைக் கேட்டது. மகனின் தலைமுறை வரிசையைக் கேட்டது. இருவர் கேள்விக்கும் விடை விலக்கலின் வழியே வந்தது.

மீண்டும் 2008. யூனிட் சோதனை ஒன்றும் சொல்லாத நிலையில், ராம் சசிசேகரன், ராபர்ட் லின்ஹார்ட், மிலான் நகர ரோன்சோனி நிறுவனத்தார் ஆகியோர் அடங்கிய குழு மருந்தின் கட்டமைப்பையே ஆராய்ந்தது. அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அதில் முதன்மைச் சான்று தந்தது. பிரிக்கும் முறைகளும் நிறை அளவீடும் நொதி வெட்டும் துணைநின்றன. ஹெப்பாரினை வெட்டும் நொதிகள் வெட்டாமல் விட்ட ஏதோ ஒன்று அதில் இருந்தது. 2008 மார்ச்சில் அதன் பெயர் வெளியானது: மிகைசல்பேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின் சல்பேட். விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து கிடைக்கும் மலிவான காண்ட்ராய்ட்டின் சல்பேட்டில் வேதிமுறையால் மேலும் சல்பேட் ஏற்றிய பொருள். அலகுக்கு நான்கு சல்பேட். அத்தகைய காண்ட்ராய்ட்டின் இயற்கையில் இல்லை. டகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லைக் கண்டதுமே அது தமிழ்ச்சொல் அன்று என்று இலக்கணம் அறிந்தவர் உணர்வதுபோல, அந்த நான்காவது சல்பேட்டே இது செய்பொருள் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

இப்பொருளுக்கும் இரத்த உறைவைத் தடுக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. எனவே யூனிட் கணக்கு தவறவில்லை. ஆனால் அது குருதியில் கல்லிக்ரீன் என்னும் நொதியைத் தூண்டி, இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் பிராடிகினினைப் பெருக்கியது. அழுத்தம் சரிந்ததற்கு அதுவே காரணம் என்று அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த ஆய்வு காட்டியது. உலகின் ஹெப்பாரினுக்கான பன்றிக் குடலில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்குப் பன்றிகளிடையே கொள்ளைநோய் பரவி மூலப்பொருள் அருகி, விலை ஏறியிருந்தது. செயலை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கும் சந்தையில், செயலை மட்டும் போலி செய்தால் போதுமானதாயிற்று. அதன்பின் அமெரிக்க மருந்துத் தரநூல் திருத்தப்பட்டு, கட்டமைப்பைக் காட்டும் சோதனைகளும் கட்டாயமாயின.

வரிசை வாசிப்பு இத்துடன் முடியவில்லை. மூலப்படி இல்லாத இழைகளில் ஒழுங்கு என்று ஒன்று இருக்குமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 2011-இல் லின்ஹார்ட், ஜொனாதன் ஆம்ஸ்டர் முதலியோர் பிகுனின் என்னும் புரதத்தில் தொங்கும் ஒற்றைச் சர்க்கரை இழையை உயர்துல்லிய நிறை நிறமாலைமானியால் ஆராய்ந்து, அதற்கு வரையறுத்த வரிசை உண்டு என்று அறிவித்தனர். எழுதிவைத்த ஏடு இல்லாமலும் ஓர் ஒழுங்கு கைமாறி வரலாம் என்பதற்கு அது சான்று. வாய்மொழி மரபை ஆராய்வோருக்கு இது வியப்பளிக்காது.

பழைய அட்டவணைகளை நாம் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. காரியவட்டத்தின் 1970-களைச் சேர்ந்த எண்கள் பிழையானவை அல்ல. அவை ஒரு கேள்விக்கு நேர்மையாகக் கிடைத்த விடைகள். 'எவ்வளவு' என்ற கேள்வியைக் கேட்காமல் 'எந்த வரிசையில்' என்ற கேள்விக்கு யாரும் வந்திருக்க இயலாது. ஆபத்து அந்த எண்களில் இல்லை. எவ்வளவு என்பதற்குக் கிடைத்த விடையை, எது என்பதற்கான விடையாக ஒரு நிறுவனமோ, ஒரு சந்தையோ, ஓர் ஆய்வேடோ எடுத்துக்கொள்ளும்போது அது தொடங்குகிறது. ஆய்வேடு எழுதும் மாணவர்கள், தம் அட்டவணையின் தலைப்பில் அலகைக் குறிப்பதோடு நில்லாமல், அந்த அலகு எந்தக் கேள்விக்குரிய விடை என்பதையும் ஒரு வரியில் எழுதிவைப்பது நல்லது. ஹெப்பாரின் குப்பியின் மேல் தொண்ணூறு ஆண்டுகளாக இல்லாதிருந்தது அந்த ஒரு வரிதான்.